தறிவீடும் நர்சிங் ஹோமும்: பெற்றோர் தொழிலுக்குப் பிள்ளை வரவேண்டுமா?

"என் பொண்ணும் டாக்டர்தான் ஆகணும்" என்பவரும், "இந்தத் தொழில் என்னோட போகட்டும்" என்பவரும் ஒரே ஊரில் பக்கத்துத் தெருக்களில் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்ளலாம். நர்சிங் ஹோம் பெயர்ப்பலகையில் அப்பா, அம்மா பெயர்களுக்குக் கீழே மகளின் பெயரும் ஏறிவிடுகிறது. பட்டு நெய்பவரின் மகனோ விடிகாலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறான். தொழில்மேல் யாருக்குப் பற்று அதிகம் என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. கைவேலையைப் பற்றி நெசவாளிக்கு இருக்கும் பெருமிதம் டாக்டருடையதற்குக் குறைந்ததில்லை. நான் வைத்துப் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: முப்பது வருடம் உழைத்துப் பெற்றோர் வந்து சேர்ந்த இடத்திலிருந்து பிள்ளை தொடங்க முடியுமா, இல்லை அவர்கள் தொடங்கிய அதே இடத்திலிருந்துதான் மறுபடி தொடங்கவேண்டுமா?

முதலில் தறி. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், இரு பக்கக் கரை வேறு நிறம். குறுக்கு நூலை (ஊடை) கொண்டுபோகிற கருவிக்கு நாடா என்று பெயர்; உடலுக்கும் கரைகளுக்கும் தனித்தனி நாடா ஓட்டிக் கோக்கவேண்டும். மூன்று நாடா ஓடுகிற வேலை. நெய்பவர் ஒருவரால் ஆகாது. கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காரவேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். கூலி கேட்காத கை. சிறு வயதில் தறியோரம் உட்கார்ந்தவன் மீசை முளைக்கும்போது முழு நெசவாளி ஆகியிருப்பான். தொழிலைக் கற்றுக்கொடுத்ததும் அந்த உட்காரல்தான், பள்ளிக்கூடத்தைப் பறித்ததும் அதுதான். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் அந்த இடத்தில் கூலிக்கு ஆள் வைக்கவேண்டும், அல்லது மனைவி உட்காரவேண்டும். கோர்வை நெய்பவர்கள் அரிதாகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, "நீ படி" என்று மகனை அனுப்பிய நெசவாளி தன் வருமானத்தில் ஒரு பங்கை வெட்டிக்கொண்டுதான் அனுப்பினார்.

சரி, அவன் தறிக்கே வந்தால் என்ன கிடைக்கும்? நூலும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கத்துடையதோ முதலாளியுடையதோ; நெசவாளிக்குப் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. அனுபவம் கூடினால் கடினமான டிசைன் கிடைக்கும், கூலியும் கொஞ்சம் கூடும். ஆனால் அந்த அனுபவத்தை மகன் கணக்கில் வரவு வைக்க வழியில்லை. அவனும் புடவைக் கூலியிலிருந்துதான் தொடங்கவேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது புடவையின் பெயரைக் காக்கிறது, கூலி பேசும்போது நெசவாளிக்குத் துணைக்கு வருவதில்லை. நாடு முழுக்க 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 2019-20இல் 35.22 லட்சமானார்கள்.

நர்சிங் ஹோமில் கதை வேறு. கட்டடம், பெயர், லேப், கீழே மருந்துக்கடை, "அந்த டாக்டர்கிட்டயே போகலாம்" என்று வரும் குடும்பங்கள் என எல்லாம் தயாராக இருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது மலைப்பு. போய் உட்கார நாற்காலி தயாராக இருக்கும் வீட்டுக்கு அது முதலீடு. "தூக்கமில்லாத பிழைப்பு சார்" என்று அலுத்துக்கொள்ளும் டாக்டரும் மகளை நீட் பயிற்சிக்கு இரண்டாம் வருடம் அனுப்புவார். அலுப்பை விடுங்கள், கட்டிய ஃபீஸைப் பாருங்கள்.

இந்த ஆசை முழுக்கப் பிள்ளைக்காகத்தானா என்று எனக்குச் சந்தேகம். கட்டடத்தை விற்கலாம், ஊரில் சேர்த்த நம்பிக்கையை விற்பது கஷ்டம். அதை எடுத்து நடத்த ரத்த உறவு வேண்டியிருக்கிறது. மகள் ஓவியம் படிக்கவேண்டும் என்றால் வீட்டில் எழும் புயலுக்குப் பாதிக் காரணம் அந்தக் கட்டடம்தான். அந்த வகையில் பார்த்தால், பிள்ளையின் நலனை மட்டும் நினைத்து முடிவெடுத்தவர் நெசவாளி.

வக்கீல் வீடும் இதே ரகம். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டபின், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தரவேண்டும் என்று தமிழ்நாடு–புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. முதல் தலைமுறை வக்கீலுக்கு அந்தப் பணம் உயிர்மூச்சு. சீனியரின் பிள்ளைக்கு ஆபீஸும் கட்சிக்காரரும் சேர்ந்தே வந்துவிடுகிறார்கள்.

படித்த தொழில் தொடரும், கைத்தொழில் அழியும் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. உலோகச் சாமி சிலைகள் வார்க்கும் சுவாமிமலைக்குப் போனால் அந்தக் கணக்கு தப்பும். தேன்மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்தக் கூட்டில் உலோகத்தை ஊற்றுகிற வெயில், புகை, சூடு எல்லாம் உள்ள வேலை. ஆனாலும் அங்கே அப்பாவின் பட்டறையில் மகன் இருப்பதைப் பார்க்கலாம். பட்டறை சொந்தம், ஸ்தபதி (சிற்பி) பெயருக்கே ஆர்டர் வருகிறது. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பப் பயிற்சிப் பள்ளிக்கு வைத்தியநாத ஸ்தபதி தலைவர். அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் மகன் கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி வள்ளுவர் சிலை அவர் வடித்தது.

பெற்றோர் விரும்புவது ஒன்று, அரசு விரும்புவது வேறொன்று. 1953இல் ராஜாஜி அரசு பள்ளியைப் பாதி நாளாக்கி, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. சாதித் தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிப்போடும் குலக்கல்வி என்று எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராஜர் ஆட்சி வந்ததும் திட்டம் போனது. தன் தொழில் வேண்டாம் என்று நினைக்கும் தகப்பனிடம் அதையே சொல்லிக்கொடு என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

எழுபது வருடம் கழித்து அதே தகராறு கடன் திட்டமாக வந்தது. ஒன்றிய அரசின் பி.எம். விஸ்வகர்மா (2023) 18 கைத்தொழில்களுக்கானது, 18 வயதிலேயே சேரலாம், குடும்பத் தொழிலாக இருக்கவேண்டும். தமிழ்நாடு குடும்ப நிபந்தனையை நீக்கச் சொன்னது, வயதை 35 ஆக்கச் சொன்னது. நடக்காததால் 2025இல் அந்த இரண்டு மாற்றங்களோடும் 25 தொழில்களோடும் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டிலும் கடன் 3 லட்சம் வரை. பிளஸ் டூ முடித்த கையோடு கடன் நீட்டுவது கல்லூரி வாசலில் வழிமறிப்பது மாதிரி. அதனால் 35 எனக்குச் சரியாகப் படுகிறது. அதில் ஓட்டையும் உண்டு. எந்தக் குடும்பத்தில் பிறந்திருந்தாலும் மண்பாண்டம் செய்ய விரும்பிக் கற்றுக்கொண்டு வரும் 22 வயதுக்காரருக்குச் சாதி தடையில்லை, வயது தடை. நடுவில் பதின்மூன்று வருடம் அவர் சூளைக்கு முதல் எங்கே திரட்டுவார் என்பதைத் திட்டம் யோசிக்கவில்லை.