இருபக்கமும் தெரியும் துணிக்கு எந்தத் தையல்?

கைக்குட்டை, துப்பட்டா, மெல்லிய திரைச்சீலை ஆகியவற்றில் எம்பிராய்டரியின் அடிப்பக்கத்தை மறைக்க வழியில்லை. கோடுகளாகப் போடும் வேலை என்றதும் பலருக்கும் கை போவது பின் தையலுக்கு (பேக் ஸ்டிட்ச்): ஊசி அடியில் முன்னே போய், மேலே ஒவ்வொரு தையலுக்கும் பின்னே வந்து இறங்கும். மேலே பார்த்தால் மணிமணியாக இருக்கும். திருப்பினால், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தடித்த நூல்.

நூல் கணக்கும் அதற்குச் சாதகமாக இல்லை. பின் தையலில் ஒவ்வொரு தையலுக்கும் மேலே 1 பங்கு, அடியில் 2 பங்கு நூல் போகிறது. ஒரே கோட்டில் போய்த் திரும்பும் இரட்டை ஓட்டுத் தையலில் மேலே 1, அடியில் 1. அதே கோட்டுக்குப் பின் தையல் ஒன்றரை மடங்கு நூலைத் தின்கிறது.

இரட்டை ஓட்டுத் தையலில் முதல் நடை சாதாரண ஓட்டுத் தையல்தான். திரும்பும் நடையில் விட்ட இடைவெளிகள் நிரம்புகின்றன. கர்நாடகத்தின் கசூதி வேலையில் இதற்குக் கவந்தி என்று பெயர். அங்கே முடிச்சுக்கே இடமில்லை. திரும்பும்போது பழைய துளைகளிலேயே ஊசி இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய நூலுக்கு மேலோரமாக ஊசியை எடுத்து, கீழோரமாக இறக்கினால் கோடு சீராக விழும். மாற்றி மாற்றிப் போட்டால் ரம்பப் பல்தான். நூலைப் பிளக்காத மழுங்கிய ஊசியும், இழை எண்ணக்கூடிய துணியும் வேண்டும்.

உண்மையான சிரமம் வழியைத் தீர்மானிப்பதில் இருக்கிறது. கிளை வந்தால், நுனிவரை போய்த் திரும்பி, அதை முடித்துவிட்டுத்தான் முதன்மைக் கோட்டைத் தொடர வேண்டும். தவறவிட்ட கிளை தனித் தீவாகிவிடும். அடியில் நூலை இழுத்துக்கொண்டு போனால் இருபக்க வேலை என்ற பெயரே போய்விடும். காகிதத்தில் வழியை வரைந்து பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள், அடிப்பக்கம் உள்துணிக்குள் மறையும் வேலைகளில் பின் தையலையே போடலாம். பிரிப்பதும் அதில் எளிது.

இதழ், இலை என்று நிரப்ப வேண்டிய இடங்களில் இவ்விரண்டுமே உதவாது. அங்கே நூலை நெருக்கமாக அடுக்கி நிரப்பும் சாட்டின் தையல். நூலை அடியிலும் முழு அகலத்துக்குக் கொண்டுபோனால் இருபக்கமும் நிரம்பும். இமாச்சலப் பிரதேசத்துச் சம்பா ஊர்க் கைக்குட்டைகளின் இருமுக வேலை இந்த வகைதான். நீளமான தையல்கள் மோதிரத்தில் சிக்கும் என்பதால், அகன்ற இதழை இரண்டாகப் பிரித்து நிரப்புவதே நல்லது.

நூல் நுனியை நிரப்பிய இடத்தில் ஒளிப்பது சுலபம். ஒற்றைக் கோட்டில், கடைசி நான்கைந்து தையல்களின் மீதே அதே துளைகள் வழியாக நுனியை ஓட்டி வெட்டிவிடுங்கள். அந்த இடம் சற்றுத் தடிக்கும். முடிச்சைப் போலத் துருத்தாது.