உட்கார ஸ்டூல் போட்டிருக்கும் ஜவுளிக்கடை, குன்னூர்

பள்ளி ஸ்வெட்டர், சால்வை, கம்பளி, கொஞ்சம் சேலை, படுகர் வீட்டு விசேஷத்துக்கு வெள்ளைத் துணி, எல்லாம் வைத்திருக்கிற நடுத்தரக் கடை. சரக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு வாங்கிய ஸ்வெட்டர் மழைக்காலம் முழுக்கத் துவைத்துப் போட்டும் கழுத்துப்பட்டை தளரவில்லை. சால்வையில் எது அக்ரிலிக், எது நிஜக் கம்பளி என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள், சீசன் நேரத்திலும் கூட. சேலை ரகம் குறைவு, கல்யாணத்துக்கு எடுப்பவர்கள் கோயம்புத்தூருக்கே இறங்கிவிடலாம்.

ஐந்து நட்சத்திரம் கொடுத்ததற்குக் காரணம் கவுன்டருக்குப் பின்னால் போட்டிருக்கிற ஸ்டூல்கள். ஒவ்வொரு கவுன்டருக்கும் ஒரு மர ஸ்டூல், அதன் மேல் பழைய கம்பளியை மடித்துத் தைத்த மெத்தை, காலடியில் மொசைக் தரையின் குளிர் ஏறாமல் ரப்பர் விரிப்பு. மெத்தை நடுவில் நன்றாக அமுங்கிப் போயிருக்கிறது, தினமும் உட்காருகிறார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். நான் போனபோது உட்கார்ந்து சால்வை மடித்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று எழுந்தாள். "உட்கார்ந்தே காட்டும்மா" என்றேன். "பரவால்லக்கா, மேல் தட்டுல இருக்கு, எடுத்துட்டு உட்கார்ந்துக்கறேன்" என்றாள், முதலாளி இரண்டடி தள்ளி நிற்கும்போதே.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் டிசம்பர் குளிரில் பத்து மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தினார்கள். அதற்குப் பிறகும் பல ஊர்க் கடைகளில் ஸ்டூல் இருக்கும், அதன் மேல் அட்டைப்பெட்டி இருக்கும், பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.

நான் கல்லூரியில் அமெரிக்க வரலாறு எடுப்பவள், இந்த ஸ்டூல்களைப் பார்த்ததும் எனக்கு மோட் நேதன் ஞாபகம்தான் வந்தது. நியூயார்க்கின் பழைய யூதக் குடும்பம் ஒன்றில் 1862இல் பிறந்தவர், வசதிக்குக் குறைவில்லை. அங்கே 1891இல் தொடங்கிய நுகர்வோர் சங்கம் ஒரு 'வெள்ளைப் பட்டியல்' போட்டது. விற்பனைப் பெண்களுக்கு நியாயமான கூலி, காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் வேலை, சாப்பிட நேரம், உட்கார இருக்கை, அப்புறம் அந்த இருக்கையில் உட்கார அனுமதி, இதெல்லாம் இருக்கிற கடையின் பெயர் மட்டும்தான் அதில் வரும். இருக்கை வேறு, உட்கார அனுமதி வேறு என்று அன்றைக்கே பிரித்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்! அவ்வளவு பெரிய ஊரில் முதல் பட்டியலில் தேறியவை எட்டே கடைகள். 1895இல் தன் ஒரே மகளைப் பறிகொடுத்த நேதன், சங்கத் தலைவி ஜோசபின் ஷா லோவெல் தேற்றி அழைத்ததால் இந்த வேலையில் முழுமூச்சாக இறங்கினார். 1897 முதல் இருபது வருடம் சங்கத்துக்கு அவரே தலைவி.

பட்டியலோடு நிற்காமல் சட்டம் கேட்டு நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் போனார்கள். ஓட்டு இல்லாத பெண்களின் பேச்சைச் சட்டசபைக்காரர்கள் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை. கடைப் பெண்ணின் கால்வலியில் ஆரம்பித்தவர் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடும் இடத்துக்கு வந்தது அப்படித்தான். வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு வேறு. பர்னார்டு பெண்கள் கல்லூரி 1889இல் உருவாகப் பாடுபட்ட தங்கை ஆனி நேதன் மேயர், பெண்களுக்கு ஓட்டே வேண்டாம் என்ற கட்சி. இவ்வளவு படித்த பெண்ணா என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது அதிர்ந்து போவார்கள்.

நேதனும் அவர் சங்கத்துப் பெண்களும் வாங்குகிற பக்கத்திலிருந்து போராடியவர்கள். தைக்கிற பக்கத்திலிருந்து வந்தவர் கிளாரா லெம்லிச். 1909 நவம்பரில் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அரங்கில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் தலைவர்கள் பேசிக்கொண்டே போக, 23 வயதுப் பெண் எழுந்து பொது வேலைநிறுத்தம் செய்யலாம் என்று கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் சொன்னார். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள், பெரும்பாலும் யூத, இத்தாலிய இளம்பெண்கள். 1911 மார்ச்சில் அதே ஊரில் டிரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலையில் பிடித்த தீயில் 146 பேர் இறந்தார்கள், அந்த வருடமே லெம்லிச், ரோஸ் ஷ்னைடர்மன் போன்றவர்கள் கூலிப் பெண்களுக்கென்றே வாக்குரிமைச் சங்கம் நடத்தினார்கள். நியூயார்க்கில் 1917இல் பெண்களுக்கு ஓட்டு வந்தது, நாடு முழுக்க 1920இல். நம் சென்னை மாகாணத்தில் 1921, ஆனால் சொத்துத் தகுதி இருந்ததால் அந்தக் காலக் கடைப் பெண்ணுக்கு அது கிடைத்திருக்காது.

என் மனசு லெம்லிச் பக்கம்தான் சாயும். இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிற நம்மால் உடனே முடிவது நேதன் செய்ததுதான். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கடை பற்றி எழுதும்போது விலையோடு சேர்த்து, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் இருக்கிறதா, உட்கார விடுகிறார்களா என்று ஒரு வரி எழுதுங்கள்.

குறைகள்: டிரையல் ரூம் ஒன்றுதான், அதுவும் குறுகல். ஞாயிற்றுக்கிழமை பில் போட வரிசை நகராது. கடை 8 மணி வரை இருந்தாலும் எஸ்டேட் பக்கம் போகிற பெண்கள் பஸ்ஸுக்காக முன்னாலேயே கிளம்பிவிடுகிறார்கள், குழந்தைக்கு அளவு பார்த்து எடுக்க வேண்டும் என்றால் 5 மணிக்குள் போய்விடுங்கள். கார் நிறுத்த இடம் கிடையாது.