செம்மறிக்கு எது ஒதுங்கிடம்: உடைமரமா, தகரக் கொட்டகையா, ஓலைத் தட்டியா?

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் செம்மறி வளர்ப்பவர் கையில் நாலு காசு சேர்ந்தால் முதலில் நினைப்பது தகரக் கொட்டகையைத்தான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் வைப்பேன்.

சித்திரை மாத உச்சி வெயிலில், பொட்டலில் நிற்கும் மந்தையைப் பாருங்கள். ஒன்றின் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையை நுழைத்து, வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு நிற்கும். உடலுக்கு இல்லாவிட்டாலும் தலைக்காவது நிழல் வேண்டும் அதற்கு. பக்கத்தில் உடைமரம் இருந்தால் அங்கே போய்விடும். மேலே குடையாக விரிந்த கிளைகள், அடியில் தாராளமாகக் காற்று. தாழ்வாகப் போட்ட தகரமோ வெயிலை வாங்கி அப்படியே கீழே இறக்கும். கொட்டகைக்குள் போகாமல் வெளிச்சுவர் நிழலில் ஆடுகள் படுத்துக் கிடப்பது அதனால்தான். தகரத்தின் மேல் பனையோலை பரப்பினால் வெக்கை கொஞ்சம் குறையும். சீமைக்கருவேலப் புதரில் நிழல் உண்டு, காற்று இல்லை, முள் வேறு.

ஐப்பசி பிறந்தால் கணக்கு தலைகீழ். இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் ஆடுகளுக்கு அடர்ந்த கம்பளி கிடையாது. மழை சீக்கிரம் தோல்வரை இறங்கும். வெறும் மழையைக்கூடத் தாங்கும், வாடையும் சேர்ந்தால்தான் நடுக்கம். காற்றுக்கு முதுகைக் காட்டியபடி மெல்ல மெல்ல நகர்ந்து மறைவு தேடும். இப்போது உடைமரம் உதவாது, அடியில் திறந்து கிடக்கிறதே! பக்கம் அடைக்காத தகரக் கொட்டகையிலும் சாரல் உள்ளே அடிக்கும். வெயிலில் தோற்ற சீமைக்கருவேலம் இங்கே ஜெயிக்கிறது. ஒற்றைப் பனையடியில் மட்டும் மந்தையை ஒதுக்காதீர்கள், இடி விழும்.

புதர் இல்லாத இடத்தில் வடகிழக்கே பனையோலைத் தட்டி கட்டலாம். இடைவெளியே இல்லாத சுவரைவிடச் சந்துவிட்ட தட்டி மேல். சுவரில் மோதும் காற்று எகிறிக் குதித்து மறுபக்கம் சுழலும். தட்டியில் வடிகட்டி வேகம் குறையும். ஐந்தடித் தட்டியின் மறைவு சுமார் ஐம்பதடி வரை எட்டும், முன்பாதியில்தான் நன்றாகத் தெரியும்.

குட்டிகள் தனி விஷயம். ஈரம் காயாத குட்டிக்குக் காற்றுத் தடுப்பு மட்டும் போதாது, மேலே மூடியும் வேண்டும். கிடைக்காரர்கள் குட்டிகளை மூடி வைக்கக் கூடாப்பு என்ற கூண்டு வைத்திருப்பது சும்மாவா?

ஆகவே முதலில் தட்டியும் கூடாப்பும், அப்புறம் ரெண்டு உடைமரக் கன்று, காசு மிஞ்சினால் உயரமாகத் தகரம். தை பிறந்ததும் தட்டியை அவிழ்த்துச் சுருட்டி வையுங்கள்; கோடையில் காற்றை மறிக்கக் கூடாது.