ஊர்க்கூட்டமா, ஜூரியா, ஒற்றை நீதிபதியா?

பாம்பன் பக்கத்து மீனவ ஊர்களில் வலை அறுந்த சண்டை ஊர்க்கூட்டத்துக்குப் போவதுண்டு. விசைப்படகு ஒன்று நாட்டுப்படகின் வலையை இழுத்துக்கொண்டு போயிருக்கும். யார் தெண்டம் கட்டுவது என்று பேச்சு. மூத்தவர் ஒருவர் முதலில் "தப்பு இவன் பேர்லதான்" என்றுவிட்டால், பிறகு பேசுகிறவர்கள் அந்தப் பக்கமே சாய்வார்கள். வலைக்கு இது போதும். நாளைக்கும் இரண்டு பேரும் ஒரே கடலுக்குத்தான் போக வேண்டும். கொலைப்பழிக்குப் போதாது.

1951-ல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் சோதித்தார். கூட இருந்தவர்கள் முன்னேற்பாட்டின்படி ஒரே தப்பான பதிலைச் சொன்னபோது, சரியானது கண்ணெதிரே தெரிந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு போயின. ஒரே ஒருவர் மட்டும் துணைக்கு உண்மையைச் சொன்னால் போதும், அந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்தது. ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று சொல்ல நீதிமன்றம் கூட்டும் பொதுமக்கள் குழு, ஒருமித்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற விதியின் அருமை இங்கேதான் தெரிகிறது: தனித்து நிற்பவரைச் சமாதானப்படுத்தாமல் யாரும் எழுந்து போக முடியாது.

நம் நாட்டு ஜூரிக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. 1944-ல் நடந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றது ஆறுக்கு மூன்று பெரும்பான்மை. மூன்று பேருக்கு வந்த சந்தேகம் எங்கே போயிற்று? ஜூரி காரணம் எழுத வேண்டியதில்லை என்பதால் அது காற்றோடு போயிற்று. அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பிய பிறகு, 1947-ல் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அதற்குள் அவர்கள் சிறையில் கழித்த காலத்தை யார் திருப்பித் தருவது?

1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரியைக் கைவிட்டது. இன்று ராமநாதபுரம் செஷன்ஸ் கோர்ட்டில் ஒரே நீதிபதி. அவருக்கும் மனச்சாய்வு உண்டு. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகாது. ஆனாலும் அது கேஸ் கட்டில் அவர் கண்ணில் படும், படித்ததை மனம் அவ்வளவு எளிதில் மறக்காது. செல்லாத சாட்சியத்தை ஜூரியின் காதுக்கே எட்டாமல் தடுக்க வழி உண்டு. இதில் ஜூரிதான் மேல். ஆனால் நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும், அதை மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரி வரியாகப் பார்க்கலாம். என் உறவினன் கூண்டில் நின்றால் நான் இதைத்தான் நம்புவேன்.

ஊர்க்கூட்டத்துக்கும் ஒரு யோசனை உண்டு. ராணுவக் கோர்ட் மார்ஷலில் பதவியில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்கிறார். நம் ஊரிலும் வயதில் சின்னவர் முதலில் பேசட்டும், பெரியவர் கடைசியில் பேசட்டும்.