சேலம்–சென்னை விமானம்: டிக்கெட்டில் ஒரு மணி, கடிகாரத்தில் நாலரை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் கொலுசு வியாபாரம். சரக்குக் காட்டவும் பாக்கி வசூலிக்கவும் சென்னை சௌகார்பேட்டைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். எப்போதும் ரயில்தான். 2018-இல் மறுபடி தொடங்கி, இடையில் நின்று, 2023 அக்டோபரில் திரும்ப வந்த விமானத்தில் இந்த முறை போனேன்.

சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். சாலை வழியே 340. இதில் ஓடும் ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும், ஆக அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்றார் மைத்துனர். டிக்கெட்டிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, சென்னையில் முறை வந்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். செய்கூலியையும் சேதாரத்தையும் விட்டுவிட்டு வெள்ளிக்கு மட்டும் விலை போடுவது போன்றது மைத்துனரின் கணக்கு.

டிக்கெட்டில் வராத நேரம் இன்னும் இருக்கிறது. விமான நிலையம் ஓமலூர்ப் பக்கம். ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், டாக்ஸியில் முக்கால் மணி நேரம். ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். பாதுகாப்புச் சோதனையில் என் பை நின்றது. திரையில் சங்கிலிச் சுருளாகத் தெரிந்திருக்க வேண்டும். காவலர் பையைத் திறந்து மாதிரிக் கொலுசு ஒன்றைத் தூக்கினார். மணிகள் குலுங்கியதும் வரிசையே திரும்பிப் பார்த்தது. ரசீதைக் காட்டினேன். "சேலம் கொலுசுங்களா?" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

பறக்கும் நேரத்தைக் குறை சொல்ல மாட்டேன். இந்த விமானத்தில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்குத் தடையில்லை. வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்புக்கரட்டில் மேக்னசைட் தாது வெட்டிய குழிகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. அடுத்து சேர்வராயன் மலை. கொண்டை ஊசி வளைவு இருபதிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறும் ஏற்காடு, சில நிமிடங்களில் பின்னால் போய்விட்டது. விசிறியின் இரைச்சல் உண்டு. மேலே பை வைக்கும் இடம் குறுகல். பெரிய பெட்டியைக் கையோடு கொண்டுபோக நினைக்காதீர்கள்.

சென்னையில் இறங்கி, வெளியே வந்து, மெட்ரோ பிடித்து மண்ணடியில் இறங்கி, கடை வாசலை மிதித்தபோது வீட்டை விட்டுக் கிளம்பி நாலரை மணி நேரம் ஆகியிருந்தது. காலை எட்டு மணி வாக்கில் சேலம் ஜங்ஷனில் வந்தே பாரத் ஏறினால் நண்பகலுக்குள் சென்ட்ரல். அங்கிருந்து சௌகார்பேட்டை ஆட்டோவுக்குக்கூடப் பெரிய தூரமில்லை. கட்டணமும் குறைவு, கொலுசுப் பையை எடுத்து யாரும் குலுக்கிப் பார்க்கவும் மாட்டார்கள்.

ஆகவே சௌகார்பேட்டைக்கு எனக்கு ரயில்தான். ஆனால் ஓமலூர், மேட்டூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கும், கிண்டி, தாம்பரம் பக்கம் வேலை உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறும். சென்னையிலிருந்து டெல்லிக்கோ சிங்கப்பூருக்கோ விமானம் மாறுகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். ஒரே டிக்கெட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கை தேர்ந்தெடுக்கும்போது பின்வரிசையைக் கேளுங்கள். ஏறுவதும் இறங்குவதும் வால்பக்கக் கதவு வழியாகத்தான். முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டியவர்கள் எல்லாரும் எனக்குப் பிறகுதான் இறங்கினார்கள்.