சான்றிதழின் பின்பக்கம்: ஆன்லைன் எம்.பி.ஏ., நேரடி எம்.பி.எச்., லண்டன் பட்டம்

போன மாதம் ஐ.சி.யூ.வில் இருக்கும் ஒரு ஜூனியர் நர்ஸ், டூட்டி முடிந்து கிளம்பும் நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மேல படிக்கணும். வேலையையும் விட முடியாது. நீங்க படிச்ச ஆன்லைன் எம்.பி.ஏ.வையே நானும் சேந்துடவா?" சேர்ந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. எனக்குச் சரியாக அமைந்தது அவளுக்கும் அமையுமா என்று யோசித்துப் பார்த்ததுதான் இது.

என் கதை சின்னது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை. பதினோரு வருடம் வார்டு, ஐ.சி.யூ. என்று ஓடிவிட்டு, தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் ஆனேன். யார் கை கழுவுகிறார்கள் என்று கதவோரம் நின்று எண்ணுவது, ஊசி குத்திக்கொண்டவர்களைக் கேஷுவாலிட்டிக்கு இழுத்துக்கொண்டு போவது, மாதக் கடைசியில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்) வழியாக எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று கணக்குப் போடுவது, இதுதான் பிழைப்பு. 2022ல் மேலே படிக்கலாம் என்று தோன்றியபோது மூன்று வழிகள் முன்னால் இருந்தன. வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய் எம்.பி.எச்., அதாவது பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் படிக்கலாம். லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை எம்.எஸ்சி. பொதுச் சுகாதாரம் படிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆன்லைனில் மருத்துவமனை நிர்வாகம் எம்.பி.ஏ. படிக்கலாம். கடைசியில் சொன்னதைத்தான் எடுத்தேன். இன்றும் அந்தப் பக்கம்தான் சாய்வேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

எம்.எஸ்சி. நர்சிங் எங்கே என்று கேட்பீர்கள். அதை ஆன்லைனில் படிக்கவே முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி போன்றவற்றைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று வெளியே நிறுத்திவிட்டன. நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஆசை உங்களுக்கு இருந்தால் நேராகப் போய் எம்.எஸ்சி. விண்ணப்பம் வாங்குங்கள். எம்.பி.ஏ.வை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது.

சரி, நேரடி எம்.பி.எச். இதன் தரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் 1997 முதல் எம்.பி.எச். நடக்கிறது. சென்னை அயப்பாக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. போதாததற்குத் தனியார் பல்கலைக்கழகங்கள். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களை எடுக்கும் இடங்கள் உண்டு, தகுதி இடத்துக்கு இடம் மாறும். இரண்டு வருடம் படிப்பு, இடையில் களத்தில் இறக்கிவிடுவார்கள். எனக்கோ வீட்டுக் கடன் மாதாமாதம், பையன் இரண்டாம் வகுப்பு. இரண்டு வருடச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இருபத்துநான்கு வயதில் இருந்திருந்தால் கட்டாயம் போயிருப்பேன்.

லண்டனைப் பற்றி எனக்கு அனுபவம் கிடையாது, ஆசைதான் உண்டு. 1858ல் இருந்தே வெளியூர் மாணவர்களுக்குப் பட்டம் கொடுத்து வரும் பல்கலைக்கழகம். பொதுச் சுகாதாரப் பாடத்தை அப்போது பார்த்துக்கொண்டது லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி. எங்கள் துறையில் அந்தப் பெயரைச் சொன்னால் டாக்டர்களே திரும்பிப் பார்ப்பார்கள். 180 கிரெடிட் எடுத்தால் எம்.எஸ்சி., 120ல் நிறுத்தினால் டிப்ளமோ, 60ல் நிறுத்தினால் சான்றிதழ். பாதியில் விட்டாலும் கையில் ஏதோ ஒன்று மிஞ்சும். இரவு டூட்டி பார்க்கும் பெண்ணுக்கு இதைவிட நல்ல அமைப்பு எது? ஆனால் அன்றைய பவுண்டு விலையில் மொத்தமும் பத்து லட்சத்தைத் தாண்டியது. அதையாவது ஐந்து வருடத்துக்குப் பிரித்துக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என்னைத் தடுத்தது வேறு ஒன்று. ஊரில் உட்கார்ந்து படித்த வெளிநாட்டுப் பட்டத்துக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இணைச்சான்று (இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்று) கொடுப்பதில்லை என்பதுதான் அப்போது நெடுநாள் வழக்கமாக இருந்தது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களில் வேலை தேடுபவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. திருச்சியிலும் கோவையிலுமே சுற்றப் போகிற எனக்குப் பொருட்டு.

இனி நான் படித்த ஆன்லைன் எம்.பி.ஏ.

பழைய வண்டி வாங்கப் போனால் நாம் முதலில் பெயின்ட்டையா பார்க்கிறோம்? ஆர்.சி. புக்கைத்தானே கேட்கிறோம். இந்தப் படிப்பும் அப்படித்தான். பாடத்திட்டம், வாத்தியார், ஆப் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். தாள் செல்லுமா என்பதுதான் முதல் கேள்வி. இங்கே பலரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்: பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் நன்றாக இருக்கிறது, ஆகவே அது நடத்தும் எல்லாப் படிப்பும் செல்லும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுப்பது ஒரு பல்கலைக்கழகத்தின் குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட முறைக்கு, குறிப்பிட்ட ஆண்டுக்கு. அதே பல்கலைக்கழகத்தின் வேறொரு படிப்புக்கு அது இல்லாமல் போகலாம். போன வருடம் இருந்தது இந்த வருடம் காணாமல் போகலாம். அந்தப் பிரிவின் இணையதளத்தில் ஆண்டு வாரியாகப் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேரும் ஆண்டு, உங்கள் படிப்பின் பெயர், ஆன்லைன் என்ற சொல், மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

நான் சேரும்போது எங்கள் குவாலிட்டி மேனேஜர் சொன்னார் என்பதற்காக அந்தப் பக்கத்தை அப்படியே பிரின்ட் எடுத்து, தேதி எழுதி, பிளாஸ்டிக் ஃபைலில் வைத்தேன். அதன் அருமை மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கோவையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குத் தர மேலாண்மை வேலைக்குப் போயிருந்தேன். மனிதவளப் பிரிவில் இருந்தவர் என் சான்றிதழை வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை, நேராகத் திருப்பினார். எந்த முறையில் படித்தது, சேர்ந்த தேதி, முடித்த தேதி எல்லாம் பின்பக்கத்தில் அச்சிட வேண்டும் என்பது விதி. "ஆன்லைனா?" என்றார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்து அந்த பிரின்ட்டை நீட்டினேன். கூடவே, அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று 2020 விதிமுறைகளிலேயே இருக்கும் பத்தியையும் வைத்தேன். இரண்டு நிமிடம் படித்தார், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வேலை கிடைத்தது, வீட்டுச் சூழ்நிலையால் நான் போகவில்லை என்பது தனிக்கதை.

நம் ஊரில் "கரஸ்ல படிச்சதா?" என்ற கேள்விக்கு ஒரு தனி ராகம் உண்டு. ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முன்பு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்த மூத்த சிஸ்டர்கள் அதைக் கேட்டே சலித்துப்போனவர்கள், அதில் செய்முறைப் பயிற்சிக்கு நேரில் போயே ஆக வேண்டியிருந்தது என்றாலும். அந்த ராகத்தை நிறுத்த என்னிடம் இருந்தது ஒரு ஏ4 தாள். தனியார் முதலாளி தாள் செல்லும் என்று தெரிந்தும் வேண்டாம் என்று சொல்லலாம், அதற்கு விதி எதுவும் உதவாது. ஆனால் செல்லாத தாளை வைத்துக்கொண்டு பேசவே முடியாது.

இதை இவ்வளவு இழுப்பதற்கு இன்னொரு காரணம் 2025. அந்த ஆண்டு ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையில் இருந்து, 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. உளவியல், மைக்ரோபயாலஜி, உணவும் ஊட்டச்சத்தும், பயோடெக்னாலஜி, டயட்டெட்டிக்ஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். எங்கள் டயட்டீஷியன் ஆன்லைன் எம்.எஸ்சி.க்குப் பணம் கட்டத் தயாராக இருந்த நேரம் அது. ஆகவே பெயரில் 'ஹெல்த்' என்று இருக்கும் எந்த ஆன்லைன் பட்டமாக இருந்தாலும், அக்கா படித்தாள், அண்ணன் படித்தான் என்று நம்பிச் சேராதீர்கள். என்னுடைய எம்.பி.ஏ.வுக்கும் இதே பேச்சுதான். எனக்கு இருந்த அனுமதி 2022க்கு உரியது. உங்களுடையதை நீங்கள் பார்க்க வேண்டும்.

அப்புறம் இந்த போன்கள். எங்கேயாவது ஒரு தளத்தில் நம்பரைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. "மேடம், இன்னைக்கு நைட்டோட ஸ்காலர்ஷிப் முடியுது" என்று தினமும் ஒருவர் கூப்பிடுவார், அந்த இன்றைய இரவு மட்டும் முடிவதே இல்லை. கல்வி ஆலோசகர் என்று சொல்லிக்கொள்பவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். இடையில் ஆள் வைத்துப் படிப்பு நடத்துவதை யுஜிசி அனுமதிப்பதில்லை. பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் கட்டுங்கள். 2024ல் இருந்து சேருவதற்கு முன் மாணவரே டெப் ஐடி (அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பதிவு எண்) எடுக்க வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள், அதுவும் ஒரு வடிகட்டி.

படிப்பு எப்படி இருந்தது? கலவையாக. பதிவு செய்த வகுப்புகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் பேருந்தில் கேட்டேன். தேர்வு வீட்டில், கேமரா முன்னால். இரண்டாம் செமஸ்டரில் பையன் தண்ணீர் கேட்டு அறைக்குள் வந்துவிட, 'இன்னொரு முகம் தெரிகிறது' என்று திரையில் எச்சரிக்கை வந்தது. அவனை ஜாடையால் விரட்டப் போய், நான் யாருக்கோ சைகை காட்டுவதாக இரண்டாவது எச்சரிக்கை. அன்றைக்கு எழுதிய கணக்கியல் விடை எதுவும் இப்போது நினைவில்லை.

உருப்படியாகக் கிடைத்தது மருந்துக் கிடங்கு மேலாண்மை. பொருட்களை உயிர் காப்பவை, தேவையானவை, இருந்தால் நல்லவை என்று பிரிக்கும் வி.ஈ.டி. முறையை முழுதாகப் படித்த வாரமே எங்கள் ஐ.சி.யூ. அவசர டிராலியைப் பிரித்து அடுக்கினேன். மேல் தட்டை அடைத்துக்கொண்டிருந்தவற்றில் பாதி மூன்றாம் வகை. அட்ரினலின் கீழே, பஞ்சு மேலே. அதை மாற்ற எம்.பி.ஏ. தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான், ஆனால் பதினோரு வருடம் அந்த டிராலியைத் தள்ளியும் எனக்குத் தோன்றவில்லை.

கிடைக்காதது எது என்றும் சொல்லிவிடுகிறேன். நோயாளிகள் சென்ட்ரல் லைனோடு இருந்த நாட்களையெல்லாம் கூட்டினால் வருவது லைன் நாட்கள். ஒரு மாதம் 1,600 லைன் நாட்களுக்கு 4 தொற்று. ஆயிரத்துக்கு 2.5. அடுத்த மாதம் நோயாளிகள் குறைவு, 800 லைன் நாட்களுக்கு 3 தொற்று. நாலு மூணாகிவிட்டது என்று கூட்டத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். விகிதமோ 3.75க்கு ஏறியிருந்தது. அதைச் சொன்னதும் ஒரு டாக்டர் கேட்டார், "சிஸ்டர், இது நிஜமான ஏற்றமா, சும்மா தற்செயலா?" எனக்குப் பதில் தெரியவில்லை. எம்.பி.ஏ.வில் புள்ளியியல் இருந்தது, ஷாம்பு விற்பனையை வைத்து. இந்த மாதிரிச் சின்ன எண்களை என்ன செய்வது என்று அதில் இல்லை. எம்.பி.எச். படித்தவர் சில நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது அயப்பாக்கத்து நோய்ப்பரவியல் நிறுவனம், ஐ.ஐ.டி.க்களின் இணைய வகுப்புத் தளமான என்.பி.டி.இ.எல். வழியாக நடத்தும் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' என்ற படிப்பு. எட்டு வாரம், பார்க்கக் காசில்லை, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பட்டம் இல்லை, ஆனால் ஆய்வு என்றால் என்ன என்று அதில்தான் புரிந்தது. அதன் பிறகு தேடிப் பிடித்துப் படித்து, அந்த இரண்டு மாதக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் அந்த ஏற்றம் தற்செயலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டதையே மறந்திருந்தார்.

ஜூனியரை மறுபடி கேன்டீனில் பார்த்தபோது திருப்பிக் கேட்டேன், "நீ என்னவாகணும்?" அவளுக்குக் கொசு, காய்ச்சல், கிராமம் என்று ஊர் சுற்றும் வேலை வேண்டுமாம். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வருடம் அப்பாவிடம் வாங்கி வைத்திருக்கிறாளாம். "அப்ப எம்.பி.ஏ. உனக்கில்ல, எம்.பி.எச். நுழைவுத் தேர்வுக்குப் படி" என்றேன். முகம் கொஞ்சம் வாடியது, வேலையை விட வேண்டுமே. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வார்டு இன்சார்ஜ், முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்தப் பட்டியல் எந்த வெப்சைட்னு சொன்னே?"