கோபுரமும் நீரில் அதன் பிம்பமும்: எந்த லென்ஸ்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் கோபுரத்தைக் குட்டையில் விழும் பிம்பத்தோடு எடுக்க இரண்டு வழி.

சாதாரண வைட் (அகலக் கோண) லென்ஸை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாயும். மென்பொருளில் நிமிர்த்தலாம்; ஓரம் வெட்டுப்படும், உச்சிக் கலசம் இழுபட்டுத் தெளிவு குறையும்.

டில்ட்-ஷிஃப்ட், அதாவது சாய்க்கவும் நகர்த்தவும் முடிகிற லென்ஸில், கேமரா மட்டமாகவே நிற்கும். கேனனின் 24 மி.மீ. லென்ஸ் மேலும் கீழும் 12 மி.மீ. நகரும். மேலே நகர்த்திக் கோபுரம், கீழே நகர்த்திப் பிம்பம். இரண்டு படங்களையும் ஒட்டினால் சுதைச் சிற்பத்தின் மயில்நீலமும் நீரில் அதன் பிம்பமும் ஒரே படத்தில் வரும். விலைதான் கையைக் கடிக்கும். ஃபோகஸும் கையால்தான்.

ஆனால் குட்டை அகலமாக இருந்து முழுப் பிம்பமும் விழுந்தால், நீர்க்கோட்டை நடுவில் வைத்துச் சாதாரண லென்ஸையே மட்டமாகப் பிடியுங்கள், கோணலே வராது. பாதிப் பிம்பம் மட்டும் கிடைக்கும் இடத்துக்குத்தான் டில்ட்-ஷிஃப்ட் வாங்கச் சொல்வேன்.